கண்மாய் எந்தக் கட்டத்தில் வரும்? பொதுப் பண்டம், பொது வளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முதலாண்டுப் பொருளியலில் தேவை, அளிப்பு வரைபடமெல்லாம் முடிந்த கையோடு வருகிற பாடம் இது. பாடப்புத்தகம் கலங்கரை விளக்கத்தையும் ராணுவத்தையும் காட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். மதுரையில் கடலும் இல்லை, எல்லைப் பாதுகாப்பும் இல்லை. கண்மாய் இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, தண்ணீர் வருகிற மாதங்களில் ஆறும் இருக்கிறது. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இவற்றை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பொதுப் பண்டம் என்று எதைச் சொல்கிறோம்?

எந்தப் பொருளானாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒருவர் பயன்படுத்தினால் அடுத்தவருக்குக் குறைகிறதா? குறைந்தால் அதற்குப் போட்டித்தன்மை உண்டு. காசு கொடுக்காதவரைப் பயன்படுத்தவிடாமல் தடுக்க முடியுமா? முடிந்தால் அதற்கு விலக்குத்தன்மை உண்டு.

விளக்குத்தூண் பக்கம் ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா வாங்குகிறீர்கள். அதற்கு இரண்டும் உண்டு. நீங்கள் குடித்துவிட்டால் அது எனக்கில்லை. காசு கொடுக்காவிட்டால் கிளாஸ் உங்கள் கைக்கே வராது. அதே தெருவில் எரிகிற மாநகராட்சி விளக்குக்கு இரண்டும் இல்லை. அந்த வெளிச்சத்தில் நான் நடந்து போனதால் உங்களுக்கு வெளிச்சம் குறையவில்லை. வரி பாக்கி வைத்தவர் கடந்து போகும்போது மட்டும் விளக்கை அணைக்கவும் முடியாது. இப்படி இரண்டும் இல்லாததுதான் பொதுப் பண்டம். பால் சாமுவேல்சன் 1954இல் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

புத்தகத்தில் நாலு கட்டம் போட்டிருக்கிறதே, மற்றவை என்ன?

இரண்டும் உள்ளது தனியார் பண்டம், ஜிகர்தண்டா போல. இரண்டும் இல்லாதது பொதுப் பண்டம். தடுக்க முடியும், ஆனால் பயன்படுத்தினால் குறையாது என்றால் கழகப் பண்டம் (கிளப் மாதிரி, உறுப்பினருக்கு மட்டும்); கேபிள் டிவி நல்ல உதாரணம். 1965இல் ஜேம்ஸ் புக்கானன் இந்த வகையை எடுத்துப் பேசினார். பயன்படுத்தினால் குறையும், ஆனால் யாரையும் எளிதில் தடுக்க முடியாது என்றால் அது பொது வளம். ஆற்று மணல், மேய்ச்சல் காடு, நிலத்தடி நீர், கண்மாய் மீன் எல்லாம் இந்த வகை. சண்டை அதிகம் நடப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகும்.

அரசாங்கம் கொடுப்பதெல்லாம் பொதுப் பண்டம்தானே?

இல்லை. தேர்வில் மதிப்பெண் பறிபோகிற இடம் இது. ரேஷன் அரிசி அரசு கொடுப்பதுதான், ஆனால் அது தனியார் பண்டம். ஒரு குடும்பம் வாங்கிய கிலோவை இன்னொரு குடும்பம் சமைக்க முடியாது. கார்டு இல்லாதவருக்கு மறுக்கவும் முடியும். அரசு மருத்துவமனைக் கட்டிலும் அப்படித்தான், ஒரு கட்டிலில் ஒரு நோயாளி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை. அதனால் காலை ஒன்பது மணிக்கு ஆரப்பாளையம் பஸ்ஸில் சீட்டுக்குப் போட்டி இல்லை என்று யாராவது சொல்வார்களா?

யார் கொடுக்கிறார்கள், விலை இருக்கிறதா என்பதெல்லாம் வேறு கேள்விகள். பண்டத்தின் குணத்தை மட்டும் பாருங்கள்.

தெருவிளக்கை ஏன் எந்த முதலாளியும் விற்க வருவதில்லை?

ஓசி. இதற்குப் புத்தகத்தில் நீளமான பெயர் இருக்கிறது, விஷயம் இதுதான்.

ஒரு சந்தில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளக்குக்குச் செலவு 3,000 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வெளிச்சத்தால் 500 ரூபாய் மதிப்புள்ள நன்மை. மொத்த நன்மை 5,000, செலவு 3,000. விளக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் தனி ஆளாக யாரும் போட மாட்டார்கள், 500 ரூபாய் நன்மைக்கு 3,000 செலவழிக்க யாருக்கும் பைத்தியம் இல்லை. சரி, ஆளுக்கு 300 போடலாம் என்று கிளம்பினால், "மற்றவர்கள் கொடுத்து எப்படியும் போட்டுவிடுவார்கள்" என்று ஒருவர் நழுவுவார். அவருக்கு அது லாபமும்கூட: 300 மிச்சம், வெளிச்சம் இலவசம். எல்லாரும் இப்படியே கணக்குப் போட்டால் சந்து இருட்டாகவே கிடக்கும். ஒருவரும் கெட்டவர் இல்லை. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி, கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் நஷ்டம். அரசு வரி போட்டு விளக்குப் போடுவதற்கான நியாயம் இங்கிருந்துதான் வருகிறது.

எத்தனை விளக்கு போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

தனியார் பண்டத்தில் ஒரு விலைக்கு எத்தனை பேர் எவ்வளவு வாங்குவார்கள் என்று பக்கவாட்டில் கூட்டுவோம். பொதுப் பண்டத்தில் ஒரே அளவைத்தான் எல்லாரும் அனுபவிக்கிறோம். அதனால் ஒவ்வொருவரின் இறுதிநிலை நன்மையையும் (இன்னும் ஒரு விளக்கு கூடினால் அவருக்குக் கிடைக்கிற நன்மை) ஒன்றின்மேல் ஒன்றாக, செங்குத்தாகக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை அடுத்த விளக்கின் செலவுக்குச் சமமாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். வரைபடம் போடும்போது இந்த ஒன்றைத் தவறவிடாதீர்கள்.

நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், உங்களுக்கு எவ்வளவு நன்மை என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதற்கேற்ப வரி போடுவோம் என்றால் குறைத்துச் சொல்வார்கள். வரி கிடையாது என்றால் ஏற்றிச் சொல்வார்கள். வார்டு கவுன்சிலரிடம் வருகிற மனுக்களைப் பார்த்தாலே இது புரியும்.

அழகர் ஆற்றில் இறங்குவது பொதுப் பண்டமா?

எல்லா வகுப்பிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். நல்ல கேள்விதான்.

சித்ரா பௌர்ணமியன்று வைகைக்குள் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது, தடுக்கவும் முடியாது. போட்டித்தன்மை? கூட்டம் ஓரளவு இருக்கும்வரை இல்லை. ஆழ்வார்புரம் பக்கம் ஆற்றுக்குள் தோளோடு தோள் நெருக்கத் தொடங்கிய பிறகு உண்டு: உங்கள் தலை எனக்கு மறைக்கும். 2022இல் அந்த நெரிசலில் உயிர்ப்பலியே நேர்ந்தது. ஆக, பார்க்கும் இடம் என்பது நெரிசல் வரும்வரை பொதுப் பண்டம், வந்த பிறகு பொது வளம். ரோடு, பூங்கா, கடற்கரை எல்லாவற்றுக்கும் இதே கதை.

அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்கினார் என்ற செய்தி மட்டும் அசல் பொதுப் பண்டம். பச்சை என்றால் அந்த வருடம் செழிக்கும் என்று ஊரே காத்திருக்கும். ஒருவருக்குத் தெரிந்ததால் அடுத்தவருக்குக் குறையாது, விடிவதற்குள் ஜில்லா முழுக்கப் பரவிவிடும். அறிவும் செய்தியும் இயல்பிலேயே இந்தக் கட்டம். காப்புரிமை என்பது அதற்குச் சட்டத்தால் போடுகிற வேலி.

கப்பலூர் டோல்கேட்?

சுங்கச்சாவடி வைத்தால் விலக்க முடிகிறது, வண்டி குறைவாக இருக்கும்வரை போட்டி இல்லை. எனவே கழகப் பண்டம். திருமங்கலத்துக்காரர்கள் உள்ளூர் வண்டிக்குக் கட்டண விலக்கு கேட்டுப் பல வருடமாகப் போராடுவதும் "இந்தக் கழகத்தில் நாங்கள் உறுப்பினரா, வாடிக்கையாளரா" என்ற சண்டைதான். மாசி வீதியில் டோல்கேட் வைக்காததற்குக் காரணம் தர்மசிந்தனை இல்லை. அத்தனை சந்துக்கும் ஆள் போட்டு வசூலிக்கிற செலவு வசூலைத் தின்றுவிடும்.

சரி, கண்மாய் எந்தக் கட்டம்?

ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது. பாடம் முழுக்கவும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

கண்மாய்க் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரை உறுதியாக இருந்தால் ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலப்பரப்பில்) நிலம் உள்ள அத்தனை பேருக்கும் பாதுகாப்பு, ஒருவருக்குக் கிடைத்ததால் இன்னொருவருக்குக் குறையாது. அது பொதுப் பண்டம். கண்மாய்க்குள் நிற்கிற தண்ணீர் ஒரு வயலுக்குப் பாய்ந்தால் அடுத்த வயலுக்கு இல்லை. அது பொது வளம். உள்ளே வளரும் மீனும் பொது வளம்தான், ஆனால் ஊராட்சி மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் விட்டுக் குத்தகைக்காரர் காவல் போட்டுவிட்டால் அந்த வருடத்துக்கு அது தனியார் பண்டம். கோடையில் அள்ளுகிற கரம்பை மண்ணுக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்று வைத்தால் விலக்குத்தன்மை வந்துவிடுகிறது. கண்மாய் நிறைந்ததால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுகிறதே, அது யாரும் பில் போடாமல் கிடைக்கிற புற விளைவு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் விட்டால் அக்கம்பக்கத்து வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஊறுவதும் இதே கணக்கு.

எனவே ஒரு பொருள் எந்தக் கட்டம் என்பது அந்தப் பொருளுக்குள் மட்டும் இல்லை. அதைச் சுற்றி ஊர் என்ன விதி வைத்திருக்கிறது, அதைக் காக்க யார் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது.

'பொதுவளச் சோகம்' என்று ஹார்டின் சொன்னது என்ன?

காரெட் ஹார்டின் உயிரியலாளர். 1968இல் எழுதிய கட்டுரையில் எல்லாருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கற்பனை செய்தார். ஒரு மாடு கூடுதலாக விட்டால் லாபம் முழுவதும் மாட்டுக்காரருக்கு, புல் குறைகிற நஷ்டம் எல்லாருக்கும் பங்கு. அதனால் ஆளாளுக்கு இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட்டு நிலமே மொட்டையாகும் என்றார்.

நம் பக்கம் இதற்கு மாடு வேண்டாம், போர்வெல் போதும். மானாவாரி ஊர் ஒன்றில் பதினொரு தோட்டம் என்று வையுங்கள். ஒருவர் புதிதாக ஆழமாக போர் போட்டால் அவருக்கு வருடத்துக்கு 40,000 ரூபாய் கூடுதல் வருமானம். நீர்மட்டம் இறங்குவதால் மற்ற பத்துப் பேருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் நஷ்டம், மொத்தம் 50,000. ஊருக்கு இது 10,000 ரூபாய் இழப்பு. ஆனால் போடுகிறவர் கண்ணுக்கு 40,000 மட்டும்தான் தெரியும். அடுத்த வருடம் பக்கத்துத் தோட்டக்காரர் அவரைவிட ஆழமாகப் போவார். ரிக் வண்டி மாறி மாறி நிற்கும், ஒவ்வொரு முறையும் அடிக்கணக்கு கூடும், கடைசியில் புகைதான் கிளம்பும்.

இதற்கு இரண்டு விஷயம் எண்ணெய் ஊற்றுகின்றன. தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம், அதனால் அடுத்த ஒரு மணி நேரம் இறைக்கச் செலவே இல்லை. இன்னொன்று, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிற எண்ணம்: நிலம் யாருடையதோ, அடியில் இருக்கிற நீரை எடுக்கும் உரிமையும் அவருடையது. ஆனால் நீருக்குப் பட்டா எல்லை தெரியாது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2013இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலவச மின்சாரத்தைத் தொட எந்தக் கட்சியும் துணியாது, அது தனிக் கதை.

மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊரே இறங்கி அள்ளுகிறதே, அதுவும் சோகம்தானா?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியிருக்கும். விடிகாலையிலேயே சுற்று ஊர்களிலிருந்து வேனிலும் பைக்கிலும் ஆட்கள் வந்து கரை நெடுக நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, வலை, எதுவும் இல்லாதவர் கையில் வீட்டுக் கொசுவலை. சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூம்புக் கூடை. சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கச் சேறு. ஒருவருக்குச் சாக்கு நிறைய, இன்னொருவருக்குக் குழம்புக்கு நாலு கெண்டை. பிடித்ததை விற்பதில்லை, வீட்டில் சமைப்பதற்குத்தான்.

ஹார்டின் பார்த்திருந்தால் தன் கட்டுரைக்குப் படம் கிடைத்தது என்றிருப்பார். ஆனால் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த நாளுக்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. திருவிழா தேதி வரை யாரும் தனியாக வலை போடக் கூடாது. போட்டால் ஊர் கேட்கும். மீன் வளர விடுகிறார்கள். துண்டு விழுவதற்கு முன் யாரும் இறங்கக் கூடாது என்பதால் வசதியானவருக்கு முந்துரிமை இல்லை. எப்படியும் கோடையில் வற்றப்போகிற தண்ணீர், அதில் மிச்சம் வைத்தால் கொக்குக்குத்தான். அடுத்த மழைக்குப் பிறகு மீன் மறுபடி வரும், அல்லது குஞ்சு வாங்கி விடுவார்கள். ஆக இது விதி இல்லாத கொள்ளை இல்லை. ஒரு நாளைக்கு மட்டும் திறக்கிற விதி.

இதைத்தான் ஆஸ்ட்ரம் சொன்னாரா?

ஏறக்குறைய. எலினோர் ஆஸ்ட்ரம் அடிப்படையில் அரசியல் அறிவியல் படித்தவர். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலம், ஸ்பெயினின் பாசனக் கால்வாய், நேபாள விவசாயிகளின் வாய்க்கால் என்று பலவற்றை ஆராய்ந்து, பொது வளத்துக்கு இரண்டே வழி, ஒன்று தனியாருக்கு விற்பது, இல்லாவிட்டால் அரசு எடுத்துக்கொள்வது என்ற பேச்சை உடைத்தார். பயன்படுத்துகிறவர்களே விதி போட்டுப் பல தலைமுறை காத்த இடங்கள் இருக்கின்றன என்று காட்டினார்.

அவர் எட்டு நிபந்தனை சொல்கிறார். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள், இங்கே எனக்கு முக்கியமானது கண்காணிப்பு. கண்மாய்ப் பாசனத்தில் அதற்கென்றே ஆள் உண்டு: நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், தண்ணீர் குறைந்த வருடம் யாருக்கு எத்தனை முறை என்பது அவர் கையில். கூலி, அறுவடையில் நெல்லாக. பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவரையே வைப்பார்கள். தன் வயல் என்று ஒன்று இல்லாததால் அவர் மடையைத் தன் பக்கம் திருப்புவார் என்ற சந்தேகம் எழாது. விளைந்தால்தான் அவருக்கும் நெல் என்பதால் கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருக்கும். எந்தப் பொருளியல் பேராசிரியரும் வடிவமைக்காத ஊக்க ஏற்பாடு.

அப்போ பழைய முறையே நல்லது என்கிறீர்களா?

இல்லை. அந்த நீர்க்கட்டி ஏன் நிலம் இல்லாதவராக இருந்தார் என்று கேட்டால் பதில் சாதியில் போய் நிற்கும். பெரும்பாலும் தலித் குடும்பங்களின் வேலை அது. ஊர் விதி என்றால் யார் உட்கார்ந்து போட்ட விதி, கூட்டத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள், பெண்கள் எங்கே இருந்தார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். வளத்தைக் காப்பதில் கெட்டிக்காரத்தனமும் பங்கு கொடுப்பதில் கஞ்சத்தனமும் ஒரே ஊரில் சேர்ந்தே இருந்தன. குடிமராமத்தும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையைச் செப்பனிடுவது என்று இனிப்பாகப் பேசுகிறோம். அது தளர்ந்தபோது 1858இல் சென்னை மாகாணம் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மதுரை நகரத்துக் கண்மாய்கள் மட்டும் ஏன் இப்படிக் கெட்டன?

"பேராசை" என்று எழுதினால் பாதி மார்க்தான். ஆசை கிராமத்திலும் இருக்கிறது.

கண்மாயைக் காத்தது ஆயக்கட்டு விவசாயி. வரத்துக்கால்வாயில் ஒருவர் குடிசை போட்டால் அவருக்குத்தான் முதலில் வயிறு எரியும், ஏனென்றால் அடுத்த போகம் அவருடையது. நகரம் வளர்ந்து வயல் பிளாட் ஆனதும் கண்மாய் அப்படியே கிடந்தது, ஆயக்கட்டு போய்விட்டது. மடை இருக்கிறது, பாய வயல் இல்லை. கண்மாய் நிறைந்தால் லாபம் அடைகிறவர் இல்லாமல் போனார். நிறைந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருமே என்று பயப்படுகிறவர் வந்து சேர்ந்தார். கலுங்கை (உபரித் தண்ணீர் வெளியேறும் வழியை) திறந்து விடச் சொல்கிற மனு, முன்பு மூடச் சொன்ன ஊரிலிருந்தே வரும். ஆவணத்தில் உரிமையாளர் அரசுதான்: நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது நீர்வளத்துறை, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியம். அப்புறம் சாக்கடைக்கு மாநகராட்சி, பட்டாவுக்கு வருவாய்த்துறை. நாலு பேர் உரிமையாளர் என்றால் காவலுக்கு ஒருவரும் இல்லை என்று அர்த்தம்.

நன்மை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பாசனம் என்ற பொது வளமாக இருந்தது இப்போது வெள்ளத் தடுப்பு, நிலத்தடி நீர் ஊற்று என்ற பொதுப் பண்டமாகிவிட்டது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பொதுப் பண்டத்துக்கே உரிய வியாதியும் கூடவே வந்துவிட்டது: எல்லாருக்கும் வேண்டும், யாரும் வரத்துக்கால்வாயில் போய் நிற்க மாட்டார்கள். நடைபாதையும் செல்ஃபி மேடையும் கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன்; நடக்க வருகிறவராவது தினம் கண்மாயைப் பார்க்கிறார். வரத்துக்கால்வாயைத் தூர்வாராமல் அதை மட்டும் கட்டினால்தான் கோபம் வருகிறது.

அரிட்டாபட்டி இந்தப் பாடத்தில் எங்கே வரும்?

இரண்டு இடத்தில் வரும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேருக்கு மேல் உள்ள பகுதி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தலமும் அடங்கிய நிலத் தொகுதியில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை 2024 நவம்பரில் ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. டங்ஸ்டனுக்குச் சந்தை விலை உண்டு. சுனைக்கும், பாறையில் கூடு கட்டும் வல்லூறுக்கும் விலை இல்லை. விலை இல்லாததை வரவு செலவுக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதினால் எந்தச் சுரங்கமும் லாபமாகத்தான் தெரியும்.

இரண்டாவது இடம், போராட்டமே ஒரு பொதுப் பண்டம். ரத்தானால் நன்மை வீட்டில் இருந்தவருக்கும் உண்டு. அப்படியானால் ஏன் அத்தனை பேர் நடந்தே மதுரைக்கு வந்தார்கள்? மன்கர் ஓல்சன் 1965இல் சொன்ன பதில்: பெரிய குழு தானாகச் சேராது, ஒருவரை ஒருவர் அறிந்த சிறு குழுக்களாக இருந்தால், வராதவரைக் கேள்வி கேட்க ஆள் இருந்தால் சேரும். ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவானால் வராமல் இருந்துவிட்டு மறுநாள் டீக்கடைக்குப் போவது லேசான காரியம் இல்லை.

தேர்வுக்கு முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டியது?

ஒவ்வொரு உதாரணத்துக்கும் கட்டத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எந்த நிலைமையில் என்று அரை வரி சேருங்கள். "வைகை நீர் பொது வளம்" என்பதைவிட "வைகை அணையிலிருந்து முறை வைத்துத் திறக்கிற நீர் பொது வளம், தேனியில் எடுத்தது ராமநாதபுரத்துக்குப் போகாது" என்பது மேல். தடுப்பூசி மருந்து தனியார் பண்டம், அதனால் தெருவில் நோய் பரவாமல் இருப்பது பொதுப் பண்டம், இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். வரைபடத்தில் கூட்டல் செங்குத்தாகத்தான்.